சின்ன ரகரம்

கேயா சிக்தாரின் ஆய்வேட்டில் நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தில் ஓர் எழுத்து பிழையாக இருந்தது. அதைக் கண்டுபிடித்தவன் அவள் கணவன் பரிமல். ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமைக் காலை, ராணாகாட்டில், அவர்கள் குடியிருந்த வாடகை வீட்டின் மொட்டை மாடி வெயிலில் அது நடந்தது. பல்கலைக்கழகத்தில் அவளுடைய பதிவு அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதியோடு காலாவதியாக இருந்தது. இன்னும் பன்னிரண்டு நாள்.

பரிமல் கல்கத்தாவில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன். வாரத்தில் ஆறு நாள் ரயிலேறிப் போய்ப் பிறருடைய பிழைகளைத் திருத்துவான். ஏழாம் நாளை மனைவிக்குக் கொடுத்திருந்தான். மடியில் ஆய்வேடு, பக்கத்தில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் பிசறிய பொரிக் கிண்ணம், காதில் சிவப்புப் பென்சில். ஒரு வரியை இரண்டாம் முறை படித்துவிட்டு நிமிர்ந்தான்.

“கேயா, ஈரத் துணிய எப்படி வாசிப்பாங்க?”

“என்னது?”

“கேக்கறேன். காஞ்ச துணின்னாலும் பரவாயில்ல, சலவைக்காரன் போட்ட குறியாவது இருக்கும்.”

“அது உவமை. சார் ஒரு புஸ்தகமே எழுதியிருக்காரு அதப் பத்தி.”

“சார் எழுதினது இருக்கட்டும். அந்தம்மா என்ன எழுதினாங்க? எனக்கென்னமோ இது ‘பொரா’ன்னு தோணுது. நீ ‘பொறா’ போட்டிருக்கே.”

கேயா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கையிலிருந்த தலையணை உறையைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றாள்.

வங்காளத்தில் உடுத்துவதற்கு ஒரு சொல், வாசிப்பதற்கு ஒரு சொல். இரண்டுக்கும் நடு எழுத்துதான் வேறுபாடு. தமிழில் எழுதிக் காட்டுவதானால் உடுத்துவதற்குச் சின்ன ரகரம் போட்டுப் ‘பொரா’ என்றும், வாசிப்பதற்குப் பெரிய றகரம் போட்டுப் ‘பொறா’ என்றும் வைத்துக்கொள்ளலாம். மேற்கு வங்காளத்தாருக்கு இரண்டும் இரண்டு ஒலி. பத்மா நதிக்குக் கிழக்கேயிருந்து வந்தவர்களின் நாக்கில் இரண்டும் ஒன்று. கேயாவின் குடும்பம் பாரிசாலிலிருந்து வந்தது. பள்ளியில் இந்த ஒரு பிழைக்காக அவள் வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை.

ஆய்வேடு சரஜூபாலா பிஸ்வாஸ் என்பவரைப் பற்றியது. நாடு பிரிந்தபின் ராணாகாட்டுப் பக்கத்து அகதி முகாமில் ஐந்து பெண் பிள்ளைகளோடு வாழ்ந்து, ரேஷன் வரிசைக்கும் அடுப்புக்கும் நடுவே நான்கு நோட்டுகள் எழுதிவிட்டு இறந்துபோனவர். அவற்றைக் கண்டெடுத்தவள் கேயா. நோட்டை வீட்டைவிட்டு வெளியே அனுப்ப சரஜூபாலாவின் கடைசி மகள் ஆன்னாகாளி சம்மதிக்கவில்லை. மை கலங்கிய பக்கங்களை அவள் சத்தமாகப் படிக்க, கேயா பக்கத்தில் உட்கார்ந்து எழுதினாள். படித்தவள் நாக்கும் பாரிசால், எழுதியவள் காதும் பாரிசால்.

எழுதிய பிரதியை வழிகாட்டி தீப்தேந்து லாஹிரியிடம் கொடுத்தபோது அந்த வரியில் அவர் விரல் நின்றது. ‘பகல் முழுதும் ஈரத் துணியை வாசித்திருக்கிறேன், பிள்ளைகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் காய்ந்தால் போதும்.’ இரண்டே ஆண்டில் அந்த ஒரு வரியை வைத்து அவருடைய புத்தகம் வந்தது. புத்தகங்கள் மறுக்கப்பட்ட பெண் துணியைப் பிரதியாக்குகிறாள், ஈரமே மை, உலர்தலே மறதி. பரிசு கிடைத்தது. ஓர் அத்தியாயம் முதுகலைக்குப் பாடமாயிற்று. முன்னுரையின் இறுதியில் பதினான்கு பேருக்கு நன்றி சொல்லியிருந்தார். கேயா பன்னிரண்டாவது, ‘நகல் எடுத்து உதவியவர்’. அவளும் தன் பங்குக்கு நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தில் அவரை மேற்கோள் காட்டி அதே கருத்தை விரித்திருந்தாள். விரித்தபோது பெருமையாகவும் இருந்தது.

“நோட்டைப் போய்ப் பாரு,” என்றான் பரிமல். “எனக்குத் தப்பாவும் இருக்கலாம்.”

தப்பாக இருக்காது என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

கேயா ‘மாஷி’, அதாவது சித்தி, என்று கூப்பிடும் ஆன்னாகாளி அன்று உளுந்து வடகம் இட்டுக்கொண்டிருந்தாள். குளிர்காலம் முழுதும் அதுதான் அவள் பிழைப்பு. முதல் நாள் ஊறவைத்து அரைத்த மாவில் துருவிய பூசணியைக் கலந்து, பித்தளைத் தாம்பாளத்தில் உள்ளங்கையால் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு சொட்டைக் கிள்ளித் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் அரை மணி. அறுபத்தெட்டு வயதில் தோள்பட்டை மட்டும் முப்பது வயதுக்காரியைப் போலிருந்தது.

“வாடி பண்டிதை. கை அலம்பிட்டுத் தொடறதானா தொடு. இல்லேன்னா நிழல் விழாத பக்கமா உக்காரு.”

“மாஷி, மூணாம் நோட்டு ஒரு தடவ பாக்கணும்.”

“இன்னும் முடியலியா? எங்கம்மா எழுதினதவிட நீ எழுதறதுக்கு அதிக நாள் ஆவுதே.”

பிஸ்கட் டப்பாவிலிருந்து நோட்டு வந்தது. அந்தப் பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்தாள் கேயா. மை பரவியிருந்தது, ஆயினும் சின்ன ரகரம் சின்ன ரகரமாகவே இருந்தது. வேறொன்றாக எண்ண இடமில்லை.

“மாஷி, இந்த வரிக்கு என்ன அர்த்தம்?”

ஆன்னாகாளி மாவுக் கையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

“இதுக்குமா அர்த்தம் கேப்பாங்க? முகாம்ல அம்மாவுக்கு இருந்ததே ஒத்தப் புடவ. குளத்துல அலசிப் பிழிஞ்சு, அதையே சுத்திக்கிட்டு அடுப்புக்கு முன்னால உக்காந்துரும். முன்பக்கம் ஆவி பறக்கும், முதுகு நனஞ்சு கெடக்கும். எங்கள அதுக்கு முன்னாடியே பள்ளிக்கூடத்துக்கு வெரட்டிரும். பொண்ணுங்க கண்ணுல படக்கூடாதுன்னு. எனக்கே பத்து வயசுலதான் தெரியும்.”

“புஸ்தகத்துல ‘வாசிச்சேன்’னு இருக்கு மாஷி.”

“எத?”

“துணிய.”

ஆன்னாகாளி முதலில் சிரித்தாள். வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு தாம்பாளத்தைத் தள்ளி வைத்தாள்.

“அதான் அந்தப் பெரிய மனுசன் மேடையில கூப்பிட்டுப் பூச்செண்டு குடுத்து, ‘உங்க தாயார் மகா வாசகி’ன்னாரா? அம்மா கெட்டிக்காரி, எனக்குத் தெரியாம ஏதாச்சும் படிச்சிருக்கும்னு நானும் பல்லக் காட்டிட்டு வந்தேன். ஒரு டப்பால பூரியும் உருளக்கெழங்கும் குடுத்தாங்க. ஆறிப்போன பூரி. அதயும் தின்னுட்டு வந்தேன், தூ.”

“தப்பு என்னோடது மாஷி. நான்தான் மாத்தி எழுதிட்டேன்.”

“மாத்தி எழுதினா திருப்பி மாத்து. அதுக்கென்ன? எங்கம்மா மானத்த மறைக்கப் பட்ட பாட்ட நீங்க கூடி உக்காந்து படிச்சிருக்கீங்க.”

அவள் தாம்பாளத்தை மறுபடி பக்கத்தில் இழுத்துக்கொண்டாள். சொட்டுச் சொட்டாக மாவைக் கிள்ளித் துணியில் வைத்தாள். எல்லாம் ஒரே அளவு, எல்லாவற்றுக்கும் ஒரே மூக்கு.

லாஹிரியின் அறையில் வெயில் வராது. அவர் மேசைமேல் ஈச்ச வெல்லத்தில் செய்த சந்தேஷ் இனிப்பு ஒரு தட்டில் இருந்தது. யாரோ மாணவன் கொண்டுவந்து வைத்தது.

“உக்காரு கேயா. என்னமோ பிழைன்னு போன்ல சொன்னியே.”

“நோட்டுல சின்ன ரகரம் சார். உடுத்தறதுதான். நான் எழுதறப்ப மாறிப்போச்சு.”

“நோட்டுல.”

“ஆமா சார். நீங்க நோட்டப் பாத்ததில்லையே, அதனால…”

சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. லாஹிரி முகம் மாறவில்லை.

“என் முன்னுரையில என்ன இருக்கு?”

“மூலக் கையெழுத்துப் பிரதிய மூணு குளிர்காலம் பயின்றதா இருக்கு சார்.”

“அச்சுல இருக்கில்ல? அப்ப பாத்திருக்கேன்.” ஒரு சந்தேஷை எடுத்துப் பாதி கடித்தார். “யோசிச்சுப் பாரு. ஒரு பொம்பள ஈரப் புடவையக் கட்டிக்கிட்டு இருந்தான்னு சொல்றதுக்கு ஆராய்ச்சி எதுக்கு? அது எந்தக் குடிசையிலயும் நடக்கும். வாசிச்சான்னாதானே இலக்கியம்?”

“ஆனா அவங்க வாசிக்கல சார்.”

“அவங்களுக்குத் தெரியாம கை எழுதியிருக்கும். பிழைதான் சில நேரம் உண்மையச் சொல்லும்.”

“பிழை அவங்க கையோடது இல்ல சார், என் கையோடது.”

“அப்ப இன்னும் மோசம்.” குரல் கனிவாகவே இருந்தது. “இந்த ஒரு இடத்துல காது ஏமாந்துபோச்சுன்னா மத்த முந்நூறு பக்கத்துல எத்தனைன்னு பரிசோதகர் கேப்பாரா இல்லியா? ஏழு வருஷம். காலேஜ்ல உன் பகுதிநேர வேலைய நிரந்தரமாக்க இந்தப் பட்டம் வேணும். இருக்கறது இருக்கட்டும். இருபத்தெட்டாம் தேதி கொண்டுவா, கையெழுத்துப் போட்டுத் தரேன்.”

விரலில் ஒட்டிய வெல்லத்தை, கையருகே இருந்த அவளுடைய நான்காம் அத்தியாயத்தின் மேல் தாளில் துடைத்தார். வேண்டுமென்று செய்யவில்லை. கையருகே அதுதான் இருந்தது.

வீட்டில் இதைக் கேட்டு முதலில் வெடித்தவள் பரிமலின் அக்கா ரேணுகணா, கேயாவுக்குத் தீதி. தொடக்கப் பள்ளி ஆசிரியை, திருமணம் செய்துகொள்ளாதவள். ஏழாண்டுகளாக இரண்டு வேளைச் சமையலும் அவள்தான். கேயா எழுத வேண்டும் என்பதற்காக.

“ஒரு எழுத்து. விட்டுத் தொல. மூணாங்கிளாஸ்ல நான் தெனம் நாப்பது பிள்ளைங்களுக்கு இதே தப்பத்தான் திருத்தறேன். ஒண்ணும் உலகம் முங்கிடல.”

“அவங்க மார்க்குக்காக எழுதறாங்க தீதி.”

“நீ மட்டும்? முக்திக்கா எழுதறே? பரிமல், நீயாவது சொல்லேன்டா, வாயில கொழுக்கட்டையா?”

பரிமல் மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டிருந்தான். “நான் திருத்தற ஆளு. எத எழுதணும்னு சொல்ற ஆளு இல்ல.”

“நல்லாப் பேசறே. தண்ணி கலந்த பால் மாதிரி.”

“திருத்துன்னா திருத்தறேன். விடுன்னா என் பென்சில் அடையாளத்த அழிச்சுடறேன். ஆனா அழிச்ச எடம் எனக்குத் தெரியும், அக்கா. ஒவ்வொரு தடவ பொரட்டறப்பவும் தெரியும்.”

மூன்று நாள் கேயா ஒரு வரியும் எழுதவில்லை. நான்காம் நாள் நூற்று எண்பத்து நான்காம் பக்கத்தையும், அதைச் சார்ந்து நின்ற பதினொரு பக்கங்களையும் நீக்கிவிட்டுப் புதிதாக எழுதினாள். ஒற்றைப் புடவை, குளம், அடுப்பு, பள்ளிக்கு விரட்டப்பட்ட பெண்கள். பன்னிரண்டு பக்கம் ஐந்தாகச் சுருங்கியது. தான் செய்த பிழையை அடிக்குறிப்பில் தன் பெயரிட்டு ஒப்புக்கொண்டாள். இருபத்தெட்டாம் தேதி அட்டை கட்டிய மூன்று பிரதிகளை எடுத்துக்கொண்டு போனபோது ரேணுகணா வாசல்வரை வந்து, “கையெழுத்துப் போடாம மூஞ்சில எறிவான், பாரு,” என்றாள்.

லாஹிரி எறியவில்லை. ஒரு கருத்தரங்குக்கு அரங்கம் பிடிப்பது பற்றித் தொலைபேசியில் பேசிக்கொண்டே, மூன்று பிரதிகளிலும் கையெழுத்துப் பக்கத்தை மட்டும் கேயா பிரித்துப் பிடிக்க, மூன்று முறை கையெழுத்திட்டார். அவள் அன்றிரவு மனம் லேசாகி ஒரு தட்டுச் சோறு கூடுதலாகத் தின்றாள். தன் ஆய்வேட்டை ஒருவரும் படிக்கவில்லை என்பதில் மகிழ்ந்த முதல் நாள் அது என்று மறுநாள்தான் அவளுக்குத் தோன்றியது.

வாய்மொழித் தேர்வு ஆகஸ்டில் வைத்தார்கள். அன்று காலையிலிருந்து மழை. நிலையத்திலிருந்து பல்கலைக்கழகம்வரை முழங்கால் தண்ணீர்; ரிக்‌ஷா ஒன்றும் வரவில்லை. தேர்வறைக்குள் கேயா நுழைந்தபோது அவள் பருத்திப் புடவை உடம்போடு ஒட்டி, கரை வழியாகத் தரையில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் அகில்பந்து தத்தகுப்தாவுக்கு எழுபது வயதிருக்கும். அவளைப் பார்த்ததும் எழுந்தேவிட்டார்.

“அடடா, என்னம்மா இது! ஈரத் துணியக் கட்டிக்கிட்டு நிக்காதே, காய்ச்சல் வந்துரும். மாத்துத் துணி இருக்கா?”

“இல்ல சார்.”

“பேச்சப் பாத்தா நம்ம ஊர்ப்பக்கம் மாதிரி இருக்கே.”

“பாரிசால் சார்.”

“அப்பிடிச் சொல்லு! தீப்தேந்து, அந்த மின்விசிறிய நிறுத்துப்பா. எங்க ஊர்ப் பொண்ணு நடுங்குது.”

லாஹிரி நிறுத்தினார். அறையில் இன்னொருவர் துறைத் தலைவர்; அவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மதிய உணவுக்கு ஹில்சா மீன் சொல்லியிருந்தார்கள். பக்கத்து அறையில் பொட்டலங்கள் வந்து இறங்கும் சத்தம் கேட்டது.

தத்தகுப்தா ஆய்வேட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு பேசினார். நன்றாகவே பேசினார்.

“உன் வழிகாட்டி ஒரு வாசல் திறந்தாரு. நீ உள்ள போய் வீடே கட்டியிருக்கே. குறிப்பா அந்த ஈரத் துணிய வாசிக்கற பகுதி. நான் ரொம்ப நேரம் அதுலயே இருந்தேன்.”

“நான் அப்படி எழுதல சார்.”

லாஹிரி தேநீரிலிருந்து நிமிர்ந்தார்.

“நூத்தி எண்பத்து நாலாம் பக்கம் பாருங்க சார்.”

அவர் பிரதியில் நூல் கட்டுபவர் வெட்டிய ஓரங்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, பிரிக்கும்போது சலசலத்தன. கிழவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அந்த வரியை உரக்கப் படித்தார். பாரிசால் நாக்கில் சின்ன ரகரம் வந்தது. பெரிய றகரம் எப்படி வருமோ அப்படியே வந்தது.

“இதோ! நான் சொன்னதேதானே?”

துறைத் தலைவர் செய்தித்தாளுக்குள் சிரித்தார்.

“அது பொரா சார். பொரா இல்ல,” என்றாள் கேயா. ஒரே சொல்லை இரண்டு முறை சொன்னதாகத்தான் எல்லார் காதிலும் விழுந்தது, அவள் காதிலும். மறுபடி முயன்றாள். நாக்கு மடங்கவில்லை. அந்த அறையில் இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவர் லாஹிரி ஒருவர்தான். மேற்கு வங்காளத்து நதியா மாவட்டத்துப் பிராமணர். அவர் தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்தார். அதில் சர்க்கரை எப்போதோ கரைந்திருந்தது.

கேயா தன் நனைந்த புடவையைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“சார், நான் உள்ள வந்ததும் என்கிட்ட என்ன சொன்னீங்க?”

“எப்ப? காய்ச்சல் வரும்னு சொன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“ஈரத் துணியக் கட்டிக்கிட்டு நிக்காதேன்னு…”

“சரஜூபாலா எழுதினதும் நீங்க சொன்ன அதே சொல்லுதான் சார். நான் இப்ப எதையாச்சும் வாசிச்சுக்கிட்டா நிக்கறேன்?”

தத்தகுப்தா அவளைப் பார்த்தார். புடவையை, தரையில் தேங்கியிருந்த நீரைப் பார்த்தார். பிறகு பக்கத்தின்மேல் குனிந்து அந்த எழுத்தின் அடியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே இருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“தீப்தேந்து, அறிக்கை டைப் ஆயிடுச்சா?”

“போன வாரமே.”

“அந்தப் புஸ்தகத்துக்கு மதிப்புரையும் நான்தானே எழுதினேன்,” என்றார் கிழவர், தமக்கே சொல்வதுபோல. “நல்ல ஆய்வும்மா. பட்டம் உண்டு. கையெழுத்துப் போடு, சாப்பிடலாம். மீன் ஆறிடும்.”

தேறியவர் அறிக்கையைப் பார்த்து ஒப்பியதாகக் கையெழுத்திட வேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழகத்து வழக்கம். கேயா முழுவதையும் படித்தாள். கடைசி வாக்கியம் இது: ‘சரஜூபாலா ஈரத் துணியை வாசித்தார் என்பதை ஆய்வாளர் ஐயத்துக்கு இடமின்றி நிறுவியுள்ளார்.’ இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை.

“இங்க சின்ன ரகரம் போட்டுக் குடுங்க சார். கையெழுத்துப் போடறேன்.”

“பட்டத்த வாங்கிக்கோம்மா மொதல்ல,” என்றார் தத்தகுப்தா, அவள் முகத்தைப் பாராமல். “நாளைக்கு நீ புஸ்தகம் போடறப்ப உன் இஷ்டத்துக்கு எந்த ரகரமும் போட்டுக்கோ. யாரு தடுக்கப் போறா?”

“கையெழுத்து இல்லேன்னா தேர்வு முடியல,” என்றார் லாஹிரி. “பதிவுக் காலம் போயாச்சு. மறுபடி கூட்ட விதி கிடையாது. தெரியுமில்ல?”

“தெரியும் சார்.”

பேனாவை மூடி, அறிக்கையின் மேல் ஈரம் படாமல் தள்ளி வைத்தாள். கதவைத் தாண்டும்போது பின்னால் துறைத் தலைவர், “கடுகு போட்டதா, வெறும் குழம்பா?” என்று கேட்பது காதில் விழுந்தது.

ராணாகாட்டில் இறங்கியபோதும் மழை விடவில்லை. பரிமல் அன்று விடுப்பு எடுத்திருந்தான். ரேணுகணா சந்தேஷ் பெட்டியைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். முகத்தைப் பார்த்ததும் மூடினாள். கேயா செருப்பைக்கூடக் கழற்றாமல் நடந்ததைச் சொல்லி முடித்தாள்.

“போட்டிருக்கலாம்ல? போட்டுட்டு வந்து திட்டியிருக்கலாம்ல?” என்றாள் ரேணுகணா. “பட்டம் தரேன்னுதானே சொன்னானுங்க?”

“சொன்னாங்க.”

“ஏழு வருஷம்டி. ஒரு எழுத்துக்காகவா?”

“எழுத்துக்கு இல்ல தீதி. புடவைக்கு.”

ரேணுகணா அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பெட்டியை ஜன்னல் மேடையில் ஓசை எழ வைத்துவிட்டு உள்ளே போனாள். அறைக் கொடியில் கிடந்த தன் காய்ந்த புடவை ஒன்றை உருவிக்கொண்டு வந்து அவள் மேல் எறிந்தாள். கோபத்தோடுதான் எறிந்தாள்.

“உடுத்து,” என்றாள்.

அந்தச் சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் தவறாகக் கேட்கவில்லை.